உங்கள் தெருக்காரரும் நம்புகிற வீடியோ: பர்சனல் பிராண்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு தெருவில் மூன்று தையல் கடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் பிளவுஸ் என்றால் மட்டும் பெண்கள் தேடிப் போவது ஒரே கடையைத்தான். "அந்த அக்கா சொன்ன தேதிக்குத் தந்துடுவாங்க, தோள் இறங்காது" என்று ஊரில் ஒரு பேச்சு. கடைக்குப் பெரிய போர்டுகூட இருக்காது. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும், எதை நம்பிப் போகலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இன்றைக்குப் பர்சனல் பிராண்ட் என்று சொல்கிறார்களே, அதன் அடிப்படை இதுதான். ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எதிர்பார்ப்பு.

அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் 1997 ஆகஸ்டில் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தப் பேச்சைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது. பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பேணிக் காப்பதுபோல, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பேண வேண்டும் என்றார் அவர். அப்போது ஃபேஸ்புக் இல்லை, யூடியூப் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை. இன்று இந்தச் சொல்லைக் கேட்டாலே ரீல்ஸும் ஃபாலோயர்களும் நினைவுக்கு வருவதால், வீடியோ போடுவதுதான் பிராண்ட் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வீடியோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போகிற வண்டி மட்டுமே. ஏற்றுவதற்கு வேலை இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை.

சரி, தெருவில் தானாக உருவாகிற பெயருக்கும் சமூக வலைதளத்தில் உருவாக்குகிற பெயருக்கும் என்ன வித்தியாசம்? சாட்சி. தெருவில் அந்த அக்காவைப் பற்றிப் பேசுகிறவர், அவர் தைத்த பிளவுஸைப் போட்டுப் பார்த்தவர். போட்டுப் பார்த்தவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர் வருகிறார். இன்ஸ்டாகிராமில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர், "நான் நன்றாகத் தைப்பேன்" என்று தானே வந்து சொல்கிறார். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சாட்சியின் இடத்தை நிரப்புவதுதான் உண்மையான கன்டென்ட்டின், அதாவது நாம் போடுகிற வீடியோ, படம், எழுத்து ஆகியவற்றின் வேலை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எதை எடுப்பது, எதை விடுவது, எப்படிப் பேசுவது என்ற மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி பதில் கிடைத்துவிடும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அடிக்கடி திரையில் பார்க்கிற முகத்தை நம் மனம் பழகிய முகமாகவே எடுத்துக்கொள்கிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு சமூக அறிவியலாளர்கள் 1956-லேயே, டிவியும் வானொலியும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், இதைப் பற்றி எழுதினார்கள். தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துப் பேசும்போது, வீட்டில் உட்கார்ந்திருப்பவர் தன்னிடமே பேசுவதாக உணர்கிறார். தொகுப்பாளருக்கு அவர் யாரென்றே தெரியாது. உறவு ஒரு பக்கம் மட்டும் வளர்கிறது. இன்று கைப்பேசி அதை இன்னும் நெருக்கமாக்கிவிட்டது; படுத்துக்கொண்டு, ஒரு முழம் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். நம்மைத் தெரியாத ஆயிரம் பேர் நம்மைத் தெரிந்தவராக நினைக்கிறார்கள் என்றால், அந்த நெருக்கத்தில் ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

உண்மை என்று எதைச் சொல்கிறோம்?

"ஆத்தென்டிக்காக இருங்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் பதில் மங்கலாக இருக்கும். சிலர் அதை வீட்டுச் சண்டை, கடன், கண்ணீர் எல்லாவற்றையும் கேமராவுக்கு முன் கொட்டுவது என்று புரிந்துகொள்கிறார்கள். வேறு சிலர் வெளிச்சம் சரியில்லாமல், சத்தம் இரைச்சலாக, எடிட் செய்யாமல் போட்டால் அதுதான் உண்மை என்று நினைக்கிறார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுக் கதவை மூடி வைத்திருக்கிற தையல்காரர், தன் தொழிலைப் பற்றி முழு உண்மையைப் பேச முடியும். ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த வீடியோ எந்த வகையிலும் பொய் ஆகிவிடாது.

நான் நம்புகிற அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் போட்ட வீடியோவை, உங்களோடு தினமும் வேலை செய்கிறவர் பார்க்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பார்க்கிறார். போன மாதம் உங்களிடம் வேலை கொடுத்த வாடிக்கையாளர் பார்க்கிறார். மூன்று பேரும் "ஆமாம், இவர் இப்படித்தான்" என்று தலையாட்டினால் அது உண்மையான கன்டென்ட். அவர்களில் ஒருவர் "அடேங்கப்பா, இவர் எப்போது இப்படி ஆனார்?" என்று கேட்டால், அந்த இடத்தில் ஏதோ கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. வெளியூர்க்காரரை ஏமாற்றலாம், தெருக்காரரை முடியாது. அதனால் தெருக்காரரை மனதில் வைத்து எடுப்பது நல்லது.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு பாடம்

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்களும் 2018-இல் தொடங்கியது. தாத்தா ஏற்கெனவே விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகியவர். 2021-இல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பிறகு எண்ணிக்கை 2 கோடியையும் தாண்டிவிட்டது.

அந்த வீடியோக்களை ஒரு மாணவர்போல உட்கார்ந்து பாருங்கள். வயல்வெளி. பகல் வெளிச்சம். ஒவ்வொரு பொருளையும் கேமராவுக்கு நேராக நீட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுப் பாத்திரத்தில் போடுகிறார்கள். மசாலாவை அம்மியில் அரைக்கிறார்கள். பெரிய பாத்திரம், விறகு அடுப்பு. கடைசியில் சமைத்ததை முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் பரிமாறுகிறார்கள். சொற்பொழிவு கிடையாது. "நாங்கள் எளிமையானவர்கள்" என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இதை யாராவது "கிராமத்து வாழ்க்கையைக் காட்டினால் ஹிட் ஆகும்" என்று புரிந்துகொண்டால் தவறான பாடம். அவர்களைப் பார்த்து வயல்வெளிக்குப் போய்ச் சமைத்தவர்கள் எத்தனையோ பேர். இவர்களிடம் வேலை செய்தது சமையல் தெரிந்த கை, நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய அளவு, ஒருவருக்கொருவர் சொந்தம் என்பதால் வருகிற இயல்பான பேச்சு. இந்த மூன்றும் கேமரா வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. கேமரா அவற்றை எடுத்துக் காட்டியது, அவ்வளவுதான்.

2021 ஜனவரியில் தேர்தல் பிரசாரத்துக்குத் தமிழ்நாடு வந்த ராகுல் காந்தி அவர்களோடு சேர்ந்து காளான் பிரியாணி வீடியோவில் கலந்துகொண்டார். தேசிய அளவிலான ஒரு தலைவர் வந்திருக்கிறார் என்பதற்காக அவர்கள் மேடை போடவில்லை, கோட் சூட் மாட்டவில்லை. அவரும் வெங்காயம், தயிர் என்று பொருளின் பெயரைத் தமிழில் சொல்லிப் பச்சடி கலந்தார். பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். விருந்தாளிதான் அவர்கள் வழக்கத்துக்குள் வந்தார். அரசியலை விட்டுவிட்டு ஒரு கன்டென்ட்டாக மட்டும் பாருங்கள். தன் வடிவத்தை உறுதியாக வைத்திருப்பவருக்குக் கிடைக்கிற மரியாதை அதில் தெரியும்.

வடக்கே இன்னொருவர் இருக்கிறார், ஜார்க்கண்டைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ராஜேஷ் ரவானி. 25 ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். பயணத்தின் நடுவே வண்டிக்குள்ளேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பதைத்தான் வீடியோவாகப் போட்டார். 2024-இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா தன் சமூக வலைதளப் பக்கத்தில் அவரைப் பாராட்டிப் பதிவிட்டபோது நாடு முழுக்கப் பேசப்பட்டார். லாரி ஓட்டுநர் வண்டியில் சமைத்துச் சாப்பிடுவது புதுச் செய்தி கிடையாது. நெடுஞ்சாலையில் போகிற ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் செய்வதுதான். ஆனால் அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து காட்டியவர்கள் குறைவு. உங்களுக்குச் சலித்துப்போன அன்றாடம் வெளியே இருப்பவருக்குப் புதுசு. "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?" என்று கேட்கிற எல்லாருக்கும் நான் இவரைத்தான் காட்டுவேன்.

பொய்யின் மேல் கட்டினால்

எதிர்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெல் கிப்சன் என்ற இளம்பெண், தனக்கு மூளைப் புற்றுநோய் என்றும், சத்தான உணவாலும் மாற்று முறைகளாலும் அதைச் சமாளித்து வருவதாகவும் இன்ஸ்டாகிராமில் எழுதினார். 2013-இல் ஒரு சமையல் செயலியை வெளியிட்டார். விற்பனையில் வரும் பணத்தில் ஒரு பங்கு தொண்டு நிறுவனங்களுக்குப் போகும் என்றார். பெரிய கூட்டம் சேர்ந்தது. 2015-இல் பத்திரிகையாளர்கள் தோண்டியபோது நன்கொடைகள் போய்ச் சேரவில்லை என்பது வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து, தனக்குப் புற்றுநோயே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 2017-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அவருடைய பக்கம் அந்தரங்கமாக, மனதைத் திறந்து பேசுவதாக, நெகிழ்ச்சியாக இருந்தது. பார்த்தவர்களுக்கு அது முழுக்க உண்மையாகத்தான் பட்டது. நெகிழ்ச்சி உண்மைக்கு ஆதாரம் ஆகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேவையில்லை. நிஜமாகவே அந்த நோயோடு போராடிக்கொண்டிருந்த எத்தனை பேர் அவரை நம்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உடல்நலம், மருந்து, முதலீடு பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தையல்கார அக்காவுக்கு என்ன எடுப்பது?

இப்போது அந்தத் தையல் கடைக்கே திரும்புவோம். அவர் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்குகிறார். பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, தைத்து முடித்த பிளவுஸ்களைப் படம் எடுத்து, பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு போட்டு வரிசையாகப் போடுவது. தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியாது. நெட்டிலிருந்து எடுத்த படமா, இவர் தைத்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. சாட்சி இல்லாத படம் அது.

அதற்குப் பதிலாக, கடையில் தினமும் அவர் வாயால் சொல்கிற விஷயங்களைக் கவனியுங்கள். பிளவுஸுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற பருத்தி லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி சுருக்கம் விழும். இதை அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஒரு முழு லைனிங் துணியை அளந்து காட்டி, நனைத்து, காய்ந்த பிறகு மறுபடி அளந்து காட்டினால் அது ஒரு நிமிட வீடியோ. பார்க்கிறவர் தன் வீட்டில் சுருங்கிக் கிடக்கும் பிளவுஸை நினைத்துக்கொள்வார். "இந்த அக்காவுக்கு விஷயம் தெரியும்" என்ற எண்ணம் தானாக வரும். தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

அளவு பிளவுஸ் கொடுத்தும் புதுப் பிளவுஸ் ஏன் சில சமயம் சரியாகப் பொருந்துவதில்லை? கொடுத்த பிளவுஸ் நாலு வருடப் பழசாக இருக்கலாம், துணி இழுபட்டு நெகிழ்ந்திருக்கலாம், உடம்பு மாறியிருக்கலாம். பட்டுப் புடவையோடு வரும் பிளவுஸ் துணியில் முழங்கை வரை கை வைக்க வேண்டும் என்று கேட்டால் துணி போதுமா, போதாதா, எங்கே ஒட்டுப் போடலாம்? ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்கிற கை எம்பிராய்டரி) கேட்கிறவருக்கு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்தால் ஏன் முடியாது? இவை எல்லாம் வாடிக்கையாளர்கள் கேட்கிற நிஜக் கேள்விகள். ஒரு பழைய நோட்டில் தினமும் வருகிறவர்கள் கேட்பதைக் குறித்து வைத்தால் ஒரு வருடத்துக்கான கன்டென்ட் அதிலேயே இருக்கும். ட்ரெண்டிங் ஆடியோவைத் தேடி அலைய வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வகை, "வேண்டாம்" என்று சொல்கிற வீடியோ. "இந்தத் துணி மெல்லிசு, இதில் கனமான கல் வேலை வேண்டாம், துணி கிழிந்துவிடும்" என்று அந்த அக்கா ஒரு வீடியோ போட்டால், அவருக்கு வர வேண்டிய ஓர் ஆர்டர் போகலாம். ஆனால் வியாபாரத்துக்காக மட்டும் பேசவில்லை என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி வேறு எதுவும் கிடையாது. வேலை கெட்டுப்போன நேரங்களும் அப்படித்தான். கழுத்து ஆழமாக வெட்டிவிட்டோம், அதை எப்படிச் சரிசெய்தோம் என்று துணியைக் கையில் வைத்துக் காட்டலாம். அதற்குக் கண்ணீர் தேவையில்லை. ஊசியும் நூலும் பேசட்டும்.

பேச்சு மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேமராவைப் பார்த்ததும் நம்மில் பலருக்குச் செய்தி வாசிப்பவரின் குரல் வந்துவிடுகிறது. "அனைவருக்கும் வணக்கம், இன்றைய காணொளியில் நாம் காணவிருப்பது" என்று ஆரம்பிக்கிறார்கள். கடையில் அவர் அப்படியா பேசுகிறார்? "வாங்கக்கா, என்ன தைக்கணும்?" என்றுதான் கேட்பார். தூத்துக்குடிக்காரர் தூத்துக்குடித் தமிழில் பேசட்டும், கோவைக்காரர் "ஏனுங்க" என்று ஆரம்பிக்கட்டும். வட்டாரப் பேச்சு மற்ற ஊர்க்காரருக்குப் புரியாது என்ற பயம் வேண்டாம். கீழே சப்டைட்டில் போட்டால் தீர்ந்தது. தெருக்காரர் தலையாட்டுவதற்குக் குரலே முதல் காரணம்.

இன்னொருவரின் அனுமதியில்லாமல் எதையும் காட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அளவு எடுக்கும்போது பின்னால் நிற்கிற பெண், பிளவுஸ் போட்டுப் பார்க்கிற வாடிக்கையாளர், கடையில் விளையாடுகிற குழந்தை யாருமே உங்கள் பிராண்டுக்கான பொருட்கள் கிடையாது. கேட்டு, அவர் சரி என்ற பிறகு மட்டும் போடுங்கள். பிறகு வந்து எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். "அந்தக் கடைக்குப் போனால் வீடியோவில் வந்துவிடுவோம்" என்ற பேச்சு ஒருமுறை பரவிவிட்டால், வியூஸ் எத்தனை லட்சம் வந்தும் கடைக்கு ஆள் வராது.

கருவிகள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் இருக்கிற போன் போதும். லென்ஸைத் துணியால் துடையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், தையல் மெஷின் ஓடும்போது பேசாதீர்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூடக் காதில் விழாத குரலைப் பொறுப்பதில்லை. பணம் செலவழிக்க ஆசையிருந்தால் முதலில் ஒரு காலர் மைக் வாங்குங்கள்.

எண்ணிக்கை என்ற மயக்கம்

பத்து வீடியோ போட்ட பிறகு முந்நூறு பேர்தான் பார்க்கிறார்கள் என்றால் மனம் சோர்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் "ஆயிரம் ஃபாலோயர் இவ்வளவு ரூபாய்" என்ற விளம்பரம் கண்ணில் படும். வாங்காதீர்கள். அமெரிக்காவில் டெவுமி என்ற நிறுவனம் இப்படிப் போலி ஃபாலோயர்களை விற்றே பிழைத்தது. 2018-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை அம்பலப்படுத்தியது. அரசியல்வாதிகள், நடிகர்கள், விளையாட்டு வீரர்கள் எனப் பலர் வாங்கியிருந்தது தெரியவந்தது. நிறுவனம் மூடப்பட்டது, 2019-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு 25 லட்சம் டாலருக்கு வழக்குச் சமரசமும் ஆனது. சட்டத்தை விடுங்கள், கணக்கே உதைக்கும். போலிக் கணக்குகள் வீடியோ பார்ப்பதில்லை. பத்தாயிரம் ஃபாலோயர் வைத்திருப்பவரின் வீடியோவை நூறு பேர்கூடப் பார்ப்பதில்லை என்றால், யாருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று தீர்மானிக்கிற தளத்தின் கணிப்புமுறை, இதில் யாருக்கும் ஆர்வமில்லை என்று முடிவு செய்துகொள்ளும்.

தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் காட்டுவதும் இதே வகை. யூடியூப் ஒரு காலத்தில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தது. 2012-இல், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியது. ஏமாந்து உள்ளே வந்தவர் பத்து நொடியில் வெளியேறிவிடுவார். அது உங்களுக்கு எதிராகவே பதிவாகும்.

கெவின் கெல்லி என்ற எழுத்தாளர் 2008-இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு கலைஞர் வாழ்க்கை நடத்துவதற்குக் கோடி ரசிகர்கள் தேவையில்லை. தான் செய்வதை எல்லாம் வாங்கக்கூடிய ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும் என்றார். நம் தையல்காரருக்கு ஆயிரம்கூட வேண்டாம். அவர் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருநூறு குடும்பங்கள் அவரைத் தொடர்ந்தால், ஆடியிலும் ஆவணியிலும் அவருக்கு உட்கார நேரம் இருக்காது. அவருடைய வீடியோவை டெல்லியில் ஒரு லட்சம் பேர் பார்ப்பதைவிட, உள்ளூரில் இருநூறு பேர் பார்ப்பதுதான் வருமானம். யூடியூபில் விளம்பரப் பணமே முக்கியம் என்றால் அது வேறு கணக்கு. அதற்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் (யூடியூபின் குறு வீடியோ) பார்வையோ வேண்டும். எந்தக் கணக்குக்காக உழைக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பணம் வாங்கினால் சொல்லிவிடுங்கள்

கொஞ்சம் பெயர் கிடைத்ததும் ஒரு நூல் கம்பெனியோ தையல் மெஷின் கடையோ, "எங்கள் பொருளைக் காட்டுங்கள்" என்று வரும். வாங்குவது தப்பே இல்லை, உழைப்புக்குக் கூலி. மறைப்பதுதான் தப்பு. இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில், பணமோ இலவசப் பொருளோ வேறு சலுகையோ பெற்றுப் போடுகிற பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தவறான விளம்பரங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. "இதை இலவசமாகக் கொடுத்தார்கள், மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் கொஞ்சம் அதிகம்" என்று வீடியோவின் தொடக்கத்திலேயே, தமிழில், வாயால் சொல்லிவிடுங்கள். பதிவின் அடியில் இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒளித்து வைப்பது சொன்னதாக ஆகாது. நேர்மையாகச் சொன்னவரை யாரும் விட்டுப் போய்விட மாட்டார்கள். மறைத்தது பிறகு தெரியவந்தால், அதுவரை போட்ட அத்தனை வீடியோவும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

செயற்கை நுண்ணறிவை (ஏஐ) பற்றிக் கேட்காமல் இப்போது யாரும் விடுவதில்லை. சப்டைட்டில் போட, எழுத்துப்பிழை பார்க்க, நீளமான பேச்சைச் சுருக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நடக்காத ஒன்றை நடந்ததுபோலக் காட்டும்போதுதான் பிரச்சினை. நிஜம்போலத் தோன்றும்படி மாற்றியோ உருவாக்கியோ போடுகிற காட்சிகளை, மாற்றியவை அல்லது உருவாக்கியவை என்று குறிப்பிட வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச் முதல் கேட்கிறது. 2025 ஜூலையில் தன் வருமான விதியின் பெயரையே மாற்றி, ஒரே அச்சில் மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் வீடியோக்களை ‘உண்மைத்தன்மை இல்லாதவை’ என்று வகைப்படுத்தியது. தையல்காரருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. தைக்காத பிளவுஸை ஏஐ வரைந்து கொடுக்கலாம். அதைப் போட்டுப் பார்க்க யாரும் கடைக்கு வர முடியாது.

தளங்கள் நம்முடையவை அல்ல என்பதும் மனதில் இருக்கட்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களின் பக்கம் ஒரே இரவில் இல்லாமல் போனது. தங்கள் பெயரால் அறியப்பட்டவர்களை மக்கள் வேறு தளங்களில் தேடிப் பிடித்தார்கள். ட்ரெண்டுக்கு ஆடிவிட்டுப் போன முகங்களைத் தேட, பார்த்தவர்களுக்குப் பெயர்கூட நினைவில் இல்லை. ஆகவே எல்லாத் தளங்களிலும் ஒரே பெயரை வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த வீடியோக்களின் மூலப் பிரதியை ஒரு ஹார்ட் டிஸ்கில் சேமியுங்கள். வாடிக்கையாளர் எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

முதல் மாதத்துக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். வாரத்துக்கு ஒரு வீடியோ போதும். தினமும் போடத் தொடங்கி மூன்றாவது வாரம் சோர்ந்து நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். முதல் வீடியோவில் உங்களைப் பற்றி அறிமுகம் வேண்டாம். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு, கையில் துணியோடு பதில் சொல்லுங்கள். போடுவதற்கு முன் கடையில் கூட வேலை செய்கிறவரிடம் காட்டுங்கள். அவர் எங்கேயாவது சிரித்தால் ஏன் என்று கேட்டு, அந்த இடத்தை மறுபடி எடுங்கள். கமென்ட்டில் வருகிற கேள்விகளுக்குக் கடையில் பதில் சொல்வதுபோலவே பதில் எழுதுங்கள்; நல்ல கேள்வி என்றால் அதுவே அடுத்த வீடியோ. அப்புறம், பலரும் மறந்துவிடுகிற ஒன்று: பக்கத்தின் முகப்பில் கடை இருக்கும் தெரு, திறந்திருக்கும் நேரம், வாரவிடுமுறை, கடைக்கென்று தனியாக வைத்திருக்கும் ஒரு போன் எண், இவற்றைத் தமிழில் எழுதிவிடுங்கள்.